வாசகர் கேள்வி: கெர்சாவ் என்னும் ஏரிக்கரைக் குடியரசு

சென்ற இதழில், உலகின் மிகச் சிறிய நாடு எது என்று கேட்டிருந்த வாசகருக்கு வத்திக்கான் என்று பதில் சொல்லிவிட்டு, சுவிட்சர்லாந்தில் கெர்சாவ் என்றொரு ஏரிக்கரைச் சிற்றூர் நானூறு ஆண்டுகளுக்கு மேல் தனிக் குடியரசாக இருந்திருக்கிறது என்றும் ஒரு வரி சேர்த்திருந்தேன். வத்திக்கானைப் பற்றி ஒருவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. கெர்சாவைப் பற்றித்தான் கடிதங்கள் வந்து குவிந்தன. ஆகவே இந்த முறை பக்கம் முழுவதையும் அந்த ஊருக்கே கொடுத்துவிட்டேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். நம் பகுதியின் வழக்கப்படி, கேட்டவர்களின் பெயரை விடுத்து ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கெர்சாவ் சரியாக எங்கே இருக்கிறது? வரைபடத்தில் தேடிக் களைத்துவிட்டேன். (மதுரை)

சுவிட்சர்லாந்தின் நடுவில், கை கால்களைப் பல திசைகளில் நீட்டிப் படுத்திருப்பது போன்ற ஓர் ஏரியைத் தேடுங்கள். ஆங்கிலம் வழியாக நமக்கு அது லூசெர்ன் ஏரி. ஜெர்மன் பேசும் அந்த ஊர்க்காரர்களுக்கு அது ‘நான்கு காட்டு நாடுகளின் ஏரி’. ஊரி, ஷ்விட்ஸ், உன்டர்வால்டன், லூசெர்ன் என்பவை அந்த நான்கு நாடுகள். கன்டோன் என்று இன்று அழைக்கப்படும் மாநிலங்கள் அன்று தனித்தனி நாடுகளாக இருந்து, தங்களுக்குள் உடன்படிக்கை செய்துகொண்டதில்தான் சுவிட்சர்லாந்து தொடங்கியது. ஷ்விட்ஸின் பெயரே பிற்பாடு நாடு முழுவதற்கும் ஆகிவந்தது. (ஊரி என்ற பெயரைக் கேட்டதும் நம் ‘ஊர்’ என்ற சொல்லை அதோடு முடிச்சுப் போட்டு எவரேனும் ஆய்வுக் கட்டுரை அனுப்பிவிட வேண்டாம். ஒலி ஒத்திருக்கிறது, அவ்வளவுதான்.)

லூசெர்ன் நகரிலிருந்து கப்பலில் ஏறினால், ஏரியின் அகன்ற மேற்குப் பகுதியைக் கடந்தபின் இரண்டு மலை முனைகள் எதிரெதிராக நீண்டு வந்து தண்ணீரை நெருக்குகின்ற ஓரிடம் வரும். அந்த முனைகளுக்கு ‘மூக்குகள்’ என்றே பெயர். ஒன்று மேல் மூக்கு, மற்றொன்று கீழ் மூக்கு. ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான அந்த இடுக்கு வழியாகக் கப்பல் நுழைந்ததும், அதுவரை பார்த்த நகரங்களும் விடுதிகளும் மறைந்து, ஏரி வேறோர் ஏரியாகிவிடும். அந்த இரண்டாவது ஏரியின் வடகரையில், ரீகி மலைத்தொடரின் தென்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது கெர்சாவ். ஏரிமட்டம் கடலுக்கு மேல் 434 மீட்டர். ஊருக்கு நேர் மேலே ரீகி ஷைடெக் 1,656 மீட்டர், சற்றுக் கிழக்கே ரீகி ஹோக்ஃபுளூ 1,699 மீட்டர். அதாவது, ஏரியில் கால் நனைத்துக்கொண்டு நிற்பவரின் தலைக்கு மேல், மிகக் குறுகிய தூரத்துக்குள், 1,200 மீட்டருக்கும் மேலான மலை எழுந்து நிற்கிறது. பின்னால் ஏறினால் மலை, முன்னால் இறங்கினால் தண்ணீர், மேற்கிலும் கிழக்கிலும் பாறை ஏரிவரை இறங்கி வழியை அடைத்துவிடும். அந்த ஊரின் வரலாற்றை இந்த அமைப்பைக் கொண்டே பாதி சொல்லிவிடலாம்.

ஊரின் நிலப்பரப்பு ஏறத்தாழ 14 சதுர கிலோமீட்டர். அதில் சரிபாதி காடு, மீதியில் பெரும்பகுதி மேய்ச்சல் நிலம். மக்கள்தொகை 2,000-த்தைக் கொஞ்சம் தாண்டும். வடகாற்றை மலை தடுத்துவிடுவதாலும், தென்புறம் திறந்து வெயிலைப் பார்த்திருப்பதாலும், ஏரித் தண்ணீர் கோடையின் வெப்பத்தைச் சேமித்து வைத்திருந்து குளிர்காலத்தில் மெல்ல விடுவதாலும், ஆல்ப்ஸ் நடுவே எதிர்பார்க்க முடியாத மரங்களெல்லாம் அங்கே வளர்கின்றன. அத்திமரம் உண்டு, செஸ்ட்நட் உண்டு, கரையோரத் தோட்டங்களில் பனை இனத்தைச் சேர்ந்த மரங்கள்கூட உண்டு. ‘ஃபோன்’ என்று ஒரு காற்று இருக்கிறது. தெற்கிலிருந்து ஆல்ப்ஸைத் தாண்டி இறங்கும்போது வெம்மையும் வறட்சியும் கொண்டுவிடும். குளிர்காலத்தின் நடுவிலேயே வேனில் வந்துவிட்டதோ என்று மயக்கும் இந்தக் காற்று, பலமாக அடித்தால் ஏரியில் படகுகளைக் கவிழ்த்தும் விடும்.

ஒரு கிராமத்தைத் ‘தனிக் குடியரசு’ என்று எழுதுவது மிகையல்லவா? பெரிய அரசுகள் அதை எப்படி விட்டுவைத்தன? (திருநெல்வேலி)

நியாயமான சந்தேகம். நானும் அந்த ஒரு வரியைக் கொஞ்சம் துணிச்சலாகத்தான் எழுதிவிட்டேன்; இப்போது முழுதும் சொல்கிறேன்.

கெர்சாவின் பெயர் ஏடுகளில் தென்படத் தொடங்குவது 11-ஆம் நூற்றாண்டில். அப்போது அங்கிருந்த நிலமும் குடிகளும் மூரி என்ற ஊரில், பிற்காலத்தில் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்தார் நிறுவிய மடத்துக்கு உரியவை. பின்னால் ஆட்சியுரிமை ஹாப்ஸ்பர்க் குடும்பத்தின் கையில் இருந்தது. அக்காலப் பிரபுக்களுக்குப் பணமுடை வந்தால் நகையை அடகு வைப்பதுபோல் ஆட்சியுரிமையை அடகு வைப்பார்கள். ஒரு சிற்றூரின் வரி, நீதிமன்றம், தலைவரை நியமிக்கும் அதிகாரம் எல்லாம் சேர்ந்து ஒரு சொத்து, அதைக் கைமாற்றலாம். அப்படிக் கைமாறிக் கைமாறி, கெர்சாவின் ஆட்சியுரிமை லூசெர்ன் நகரத்தின் ஃபொன் மோஸ் குடும்பத்தாரிடம் வந்து சேர்ந்தது.

இதற்கிடையே கெர்சாவ்காரர்கள் ஒரு புத்திசாலித்தனம் செய்திருந்தார்கள். 1359-இல் பக்கத்து ஊரான வெக்கிஸோடு சேர்ந்து, நான் மேலே சொன்ன நான்கு காட்டு நாடுகளோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். 1386-இல் ஸெம்பாக் என்ற இடத்தில் சுவிஸ் கூட்டாளிகள் ஹாப்ஸ்பர்க் படையை முறியடித்தபோது கெர்சாவ் ஆட்களும் களத்தில் இருந்தார்கள். ஹோஹென்ஸோலர்ன் பிரபுவின் கொடியைத் தாங்கள் பிடித்துக்கொண்டு வந்ததாக ஊர் மரபு சொல்கிறது. அந்தப் போருக்குப்பின் அப்பகுதியில் ஹாப்ஸ்பர்க் செல்வாக்கு சரிந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1390-இல், கெர்சாவ் மக்கள் பணம் திரட்டி, தங்கள்மீது இருந்த ஆட்சியுரிமையை ஃபொன் மோஸ் குடும்பத்தாரிடமிருந்து தாங்களே விலைக்கு வாங்கிவிட்டார்கள். விலை 690 பவுண்டு பெனிக். பெனிக் என்பது சிறு வெள்ளிக்காசு, 240 பெனிக் ஒரு பவுண்டு. ஆக 1,65,600 காசுகள். மாடு மேய்த்தும் மீன் பிடித்தும் வாழ்ந்த ஒரு சிற்றூர் அதைக் கொடுத்திருக்கிறது.

எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான். விடுதலை என்றாலே போர், புரட்சி, தியாகம் என்றுதான் நமக்குப் பாடம் சொல்லித் தந்திருக்கிறார்கள். இவர்களோ விலை பேசி, காசை எண்ணிக் கொடுத்து, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அடுத்த காரியம் பத்திரத்தைப் பதிவு செய்வதுதானே? 1433-இல் புனித ரோமப் பேரரசர் ஸிகிஸ்முண்டிடமிருந்து, இந்த ஊருக்கும் பேரரசருக்கும் இடையே வேறு எந்தப் பிரபுவும் இல்லை என்று உறுதி செய்யும் ஆவணத்தைப் பெற்றார்கள். அந்நாளைய ஐரோப்பியச் சட்டத்தில் ‘சுதந்திரம்’ என்பதன் பொருள் இதுவே.

அதன்பின் 1798 வரை கெர்சாவ் தன்னைத் தானே ஆண்டது. ஊரின் ஆண் குடிகள் திறந்தவெளியில் கூடி, கையை உயர்த்தி, லாண்டம்மன் என்ற தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். சொந்தச் சட்டம், சொந்த நீதிமன்றம், மரண தண்டனை விதிக்கும் அதிகாரம் எல்லாம் இருந்தன. ஆனால் நீங்கள் கேட்ட ‘மிகை’யும் இங்கேதான் இருக்கிறது. கெர்சாவ் சுவிஸ் கூட்டமைப்பின் முழு உறுப்பினராக ஒருபோதும் இருந்ததில்லை. நான்கு காட்டு நாடுகளின் பாதுகாப்பில் இருந்த ஒரு கூட்டாளி. போர் வந்தால் அவர்களுக்கு ஆள் அனுப்ப வேண்டும். வெளியுறவு என்று தனியாக எதுவும் கிடையாது. இன்றைய அளவுகோலில் அது நாடு அல்ல; அன்றைய அளவுகோலில், தனக்கு மேல் ஆண்டான் இல்லாத ஊர்.

பெரிய அரசுகள் ஏன் விட்டுவைத்தன என்றால், எடுத்துக்கொள்ள அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை என்பது ஒரு காரணம். நான்கு பாதுகாவலர்கள் இருந்ததில், ஒருவர் விழுங்க முயன்றால் மற்ற மூவரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள் என்பது மற்றொன்று. என்னைக் கேட்டால், இரண்டாவதுதான் முக்கியமான காரணம்.

பிறகு எப்படிச் சுதந்திரத்தை இழந்தது? (விழுப்புரம்)

1798-இல் பிரெஞ்சுப் படைகள் புகுந்து, பழைய சுவிஸ் கூட்டமைப்பைக் கலைத்து, ஒற்றை மைய ஆட்சி கொண்ட ஹெல்வெட்டியக் குடியரசை உண்டாக்கின. நான்கு காட்டு நாடுகளே தனித்து நிற்க முடியாதபோது கெர்சாவ் எம்மாத்திரம்? 1803-இல் நெப்போலியன் கன்டோன்களை மீண்டும் அமைத்துக் கொடுத்தபோது கெர்சாவ் ஷ்விட்ஸோடு சேர்க்கப்பட்டது.

நெப்போலியன் சரிந்துகொண்டிருந்த 1814-இன் தொடக்கத்தில், கெர்சாவ் மக்கள் கூடித் தங்கள் குடியரசை மீண்டும் அறிவித்தார்கள். பழைய பாதுகாவலர்கள் நால்வரும் அதை ஏற்கவும் செய்தார்கள். ஆனால் காலம் மாறிவிட்டிருந்தது. வியன்னா மாநாட்டுக்குப்பின் ஐரோப்பாவின் எல்லைகளைப் புதிதாக வரைந்தவர்களுக்கு இத்தனை சிறிய துண்டு தொந்தரவாகத் தெரிந்தது. 1817-இல் சுவிஸ் கூட்டமைப்பின் பேரவை கெர்சாவை ஷ்விட்ஸோடு இணைக்க முடிவெடுத்தது. 1818 ஜனவரி 1 முதல் அது ஷ்விட்ஸின் ஒரு மாவட்டம். பத்திரத்தால் வந்த சுதந்திரம், துப்பாக்கிச் சத்தமின்றி, ஒரு தீர்மானத்தால் போயிற்று.

இன்றைக்கும் ஷ்விட்ஸ் கன்டோனின் ஆறு மாவட்டங்களில் கெர்சாவ் ஒன்று. மாவட்டம் முழுவதும் ஒரே ஊராட்சிதான். ஊரே மாவட்டம், மாவட்டமே ஊர். பழைய குடியரசின் எல்லை அப்படியே நிர்வாக எல்லையாக நின்றுவிட்டது என்பது, இணைக்கப்பட்டவர்களுக்குக் கொடுத்த ஆறுதல் போலும். ‘பழைய சுதந்திரக் குடியரசு கெர்சாவ்’ என்று சொல்லிக்கொள்ளும் பழக்கம் ஊரில் இன்னும் இருக்கிறது. பெருமையும் இருக்கிறது, சுற்றுலாவும் இருக்கிறது. எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

அந்த ஊரில் பட்டுத் தொழில் நடந்தது என்று எங்கோ படித்தேன். பனி பெய்யும் நாட்டில் பட்டா? (காஞ்சிபுரம்)

காஞ்சிபுரத்திலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் வியப்பு. பட்டுப்புழு அங்கே வளரவில்லை. பட்டு ஆல்ப்ஸைத் தாண்டி இத்தாலியிலிருந்து வந்தது. அதுவும் முதல்தரப் பட்டு அல்ல. கூட்டிலிருந்து ஒரே இழையாக உரித்தெடுக்கப்படும் நூல்தான் உயர்ந்த பட்டு என்பது உங்களுக்குத் தெரியும். புழு துளைத்துவிட்ட கூடு, சிக்கலான மேலடுக்கு, இழையெடுத்தபின் எஞ்சும் துணுக்கு ஆகியவை கழிவு. அந்தக் கழிவுப் பட்டை வெதுவெதுப்பான நீரில் நாட்கணக்கில் ஊறவைத்து நொதிக்கவிட்டால் இழைகளை ஒட்டியிருக்கும் பசை இளகிப் பிரியும். நாற்றம் எப்படியிருக்கும் என்பதை, காஞ்சிபுரத்தாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பின்னர் கழுவி, உலர்த்தி, பல் வைத்த சீப்புகளில் திரும்பத் திரும்பச் சீவி, நீளமான இழைகளை ஒரு பக்கம் சேர்த்து, பஞ்சு நூற்பதுபோல் நூற்பார்கள். அந்த நூலுக்கு ‘ஷாப்பே’ என்று பெயர். பட்டின் மினுமினுப்பு கொஞ்சம் குறையும், விலை நிறையவே குறையும்.

18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தத் தொழில் கெர்சாவில் வேரூன்றியது. கமென்ஸிண்ட், கியூட்டல் முதலிய ஊர்க் குடும்பங்கள் வணிகர்களாயின. அவர்கள் முதலில் ஆலை கட்டவில்லை. கழிவுப் பட்டைத் தருவித்து, சுற்றியிருந்த மலையூர்களின் வீடுகளுக்குக் கொடுத்து, பனிக்காலத்தில் வேலையின்றி இருந்த குடும்பங்களைச் சீவவும் நூற்கவும் வைத்து, கூலி கொடுத்து நூலைத் திரும்பப் பெற்றார்கள். ஏரி இருந்ததால் சுமையை ஏற்றி இறக்குவது எளிதாயிற்று. அடுத்த நூற்றாண்டில்தான் ஓடைத் தண்ணீரின் விசையில் ஓடும் ஆலைகள் வந்தன. வீட்டில் தறி போட்டுக்கொண்டு முதலாளியிடம் பாவும் ஊடையும் வாங்கி நெய்யும் முறை உங்கள் ஊரில் இன்றும் இருக்கிறதல்லவா, அதே ஏற்பாடுதான். கூலித் தகராறுகளும் அதேபோல் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஊரின் நடுவில் நிற்கும் புனித மார்செல்லுஸ் தேவாலயம் 1807-இலிருந்து 1812 வரை கட்டப்பட்டது. அத்தனை சிறிய ஊருக்கு அது பெரிய கட்டடம். மக்கள் குடியரசை இழந்து நின்ற ஆண்டுகளில் எழுந்தது என்பதையும், ஊரில் பட்டுப் பணம் புழங்கிய காலம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த அளவுக்கு ஒரு பொருள் கிடைக்கிறது.

ரயில் உண்டா? (ஈரோடு)

இல்லை. 1882-இல் திறந்த கோத்தார்ட் ரயில்பாதை ரீகி மலைக்குப் பின்புறமாகப் போய்விட்டது. 1980-இல் முடிந்த நெடுஞ்சாலையோ எதிர்க்கரையில், 9 கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள ஸீலிஸ்பெர்க் சுரங்கத்துக்குள் புகுந்து போய்விட்டது. மேற்கே பக்கத்து ஊரான விட்ஸ்னாவிலிருந்து ரீகி மலைமேல் 1871-இலேயே பற்சக்கர ரயில் ஏறியது; ஐரோப்பாவின் முதல் மலை ரயில் அது. அதன் இரைச்சல்கூடக் கெர்சாவுக்கு எட்டாது.

கரையோரச் சாலையே 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வந்தது. அதற்கு முன்பு வெளியூர் போக வேண்டுமானால் படகு, இல்லையேல் மலைப்பாதை. 1837-இல் ஏரியில் முதல் நீராவிக் கப்பல் ஓடியது. அந்த மரபில் வந்த துடுப்புச் சக்கரக் கப்பல்கள் ஐந்து இன்றும் ஓடுகின்றன, அவற்றில் மூத்ததான ‘ஊரி’ 1901-இல் கட்டப்பட்டது. எதிர்க்கரையிலுள்ள பெக்கன்ரீடுக்கும் கெர்சாவுக்கும் இடையே 1930 முதல் கார்களை ஏற்றிச் செல்லும் படகு இருக்கிறது. கடக்க 20 நிமிடம். இன்று பேருந்து வசதி நன்றாகவே உண்டு.

ஏரி எவ்வளவு ஆழம்? ஏரியில் சுனாமி வரும் என்கிறார்களே, உண்மையா? (நாகப்பட்டினம்)

ஏரியின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 114 சதுர கிலோமீட்டர். மிக ஆழமான இடம் 214 மீட்டர். அது கெர்சாவுக்கும் பெக்கன்ரீடுக்கும் இடைப்பட்ட பகுதியிலேயே இருக்கிறது. கார்ப் படகில் நின்று, தண்ணீரின் பச்சையைப் பார்த்துக்கொண்டு போகிறவர்களின் காலுக்குக் கீழே அவ்வளவு ஆழம்.

சுனாமி உண்மையே. உங்கள் ஊரிலிருந்து கேட்கும்போது இதை விளையாட்டாகச் சொல்லக் கூடாது என்பதால் விவரமாகவே எழுதுகிறேன். 1601 செப்டம்பர் 18-ஆம் நாள் இரவு அப்பகுதியில் வலுவான நிலநடுக்கம் ஏற்பட்டது. கரையிலிருந்து பாறைகள் சரிந்ததோடு, கண்ணுக்குத் தெரியாமல் ஏரியடியில் படிந்திருந்த வண்டல் சரிவுகளும் பல இடங்களில் ஒரேநேரத்தில் நழுவின. அந்த இடப்பெயர்ச்சியால் தண்ணீர் எழுந்து கரைகளைத் தாக்கியது. லூசெர்ன் நகரின் எழுத்தர் ரென்வார்ட் ஸிஸாட் என்பவர், ஏரியிலிருந்து வெளியேறும் ரொய்ஸ் ஆறு வற்றிப்போய் மக்கள் ஆற்றுக்குள் இறங்கிக் கடக்க முடிந்ததையும், பின்னர் தண்ணீர் திரும்பப் பாய்ந்ததையும் பதிவு செய்திருக்கிறார். ஏரி முழுவதும் தாம்பாளத்து நீர்போல் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது.

1687-இல் நிலநடுக்கம் எதுவும் இல்லாமலே இன்னொரு முறை நடந்தது. கெர்சாவுக்குக் கிழக்கே புருன்னன் அருகில் முவோட்டா ஆறு ஏரியில் சேருமிடத்தில், ஆறு கொண்டுவந்து குவித்த வண்டல் மேடு தன் பாரம் தாங்காமல் ஏரிக்குள் சரிந்து அலையை எழுப்பியது. இந்த இரண்டு நிகழ்வுகளின் தடங்களையும் ஏரியடி வண்டலில் துளையிட்டு எடுத்த மாதிரிகளிலிருந்து சுவிஸ் ஆய்வாளர்கள் பின்னாளில் உறுதி செய்தார்கள். பெரிய அலை அடிக்கடி வருவதில்லை, ஆனால் வரக்கூடியது.

கெர்சாவில் ‘பிச்சைக்காரர் திருவிழா’ நடந்ததாமே? (திருச்சிராப்பள்ளி)

நடந்தது. இதைப் பற்றி எழுதத்தான் நான் காத்திருந்தேன்.

யெனிஷ் என்றொரு மக்கள் சுவிட்சர்லாந்திலும் சுற்றியுள்ள நாடுகளிலும் வாழ்கிறார்கள். கூடை முடைவது, கத்தி சாணை பிடிப்பது, பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது, பழைய சாமான் வாங்கி விற்பது என்று ஊர் ஊராகப் போய்த் தொழில் செய்தவர்கள். தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தனிச் சொற்கள் நிறைந்த ஒரு பேச்சு உண்டு. பழைய சுவிஸ் கன்டோன்கள் இவர்களை அலைகுடிகள், பிச்சைக்காரர்கள் என்று சொல்லி, படை வைத்து எல்லைக்கு அப்பால் துரத்துவதை ஒரு வழக்கமாகவே வைத்திருந்தன. ஒரு கன்டோன் துரத்தும், அடுத்த கன்டோன் திருப்பித் துரத்தும்.

கெர்சாவில் மட்டும், ஆண்டுக்கொரு முறை தேவாலயத் திருவிழாவை ஒட்டி மூன்று நாட்கள் இவர்கள் வந்து தங்கலாம், பிச்சை கேட்கலாம், ஆடலாம், பாடலாம்; யாரும் விரட்ட மாட்டார்கள். ஆண்டு முழுவதும் சிதறிக் கிடந்த குடும்பங்கள் ஒன்றையொன்று பார்க்கவும், பெண் கொடுத்துப் பெண் எடுக்கவும் கிடைத்த இடம் அது. ‘ஃபெக்கர் கில்பி’ என்று பெயர். கில்பி என்றால் தேவாலயத் திருவிழா. ஏன் கெர்சாவ் இதை அனுமதித்தது என்பதற்கு இரக்கத்தைக் காரணமாகச் சொல்வோர் உண்டு. பக்கத்து நாடுகளின் சட்டம் தன் எல்லையில் நின்றுவிடும் என்பதைக் காட்டுவதில் ஒரு சிறு குடியரசுக்கு இருந்திருக்கக்கூடிய ருசியும் அதில் கலந்திருக்கும் என்பது என் ஊகம். எப்படியோ, ஷ்விட்ஸோடு இணைந்த 14 ஆண்டுகளுக்குள், 1832-இல், இந்தத் திருவிழா தடை செய்யப்பட்டது.

அடுத்து வந்தது கொடுமையான காலம். 1926-இலிருந்து 1973 வரை, ‘நெடுஞ்சாலையின் குழந்தைகள்’ என்ற பெயரில் ஒரு திட்டம் நடந்தது. ப்ரோ யுவென்ட்யூட்டே என்ற குழந்தைகள் நல அமைப்பு, அரசு அதிகாரிகளின் துணையோடு, ஏறத்தாழ 600 யெனிஷ் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, விடுதிகளிலும் அந்நியக் குடும்பங்களிலும் பண்ணைகளிலும் வைத்தது. நாடோடி வாழ்வை அடுத்த தலைமுறையோடு ஒழித்துவிடுவதே நோக்கம் என்பதை அவர்கள் மறைக்கவும் இல்லை. பத்திரிகைகள் அம்பலப்படுத்திய பிறகே திட்டம் நின்றது. 1986-இல் அன்றைய கூட்டாட்சித் தலைவர் அல்ஃபோன்ஸ் எக்லி நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

1980-களில் யெனிஷ் மக்கள் தங்கள் பழைய திருவிழாவைக் கெர்சாவிலேயே மீண்டும் நடத்தினார்கள். 150 ஆண்டு இடைவெளிக்குப்பின், அவர்களுக்கு நினைவிலிருந்த இடம் அந்த ஏரிக்கரைதான். பின்னர் திருவிழா வேறு ஊர்களுக்கும் போயிற்று. 2016-இல் பெர்ன் நகரில் நடந்த ஃபெக்கர் கில்பியில், மத்திய அமைச்சர் அலென் பெர்ஸே மேடையேறி, இம்மக்களை இனி அவர்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் யெனிஷ், ஸின்ட்டி (ரோமா மக்களில் ஒரு பிரிவினர்) என்ற பெயர்களாலேயே அரசு அழைக்கும் என்றார்.

சுவிஸில் வாழும் என் தம்பிக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்துவிட்டது. அவனுடைய கடவுச்சீட்டில் பிறந்த ஊராகிய பருத்தித்துறைக்குப் பதில் அங்குள்ள ஒரு சிற்றூரின் பெயர் இருக்கிறது. தவறுதலா? (யாழ்ப்பாணம்)

தவறுதல் அல்ல. சுவிஸ் கடவுச்சீட்டில் போடப்படுவது பிறந்த ஊர் அன்று. ‘ஹைமாட்ஓர்ட்’ எனப்படும் பூர்வீக ஊர். சுவிஸ் குடிமகன் ஒருவர் மூன்று தட்டுகளில் குடிமகன்: ஊராட்சிக்கு, கன்டோனுக்கு, கூட்டாட்சிக்கு. ஊரின் குடியாகாமல் நாட்டின் குடியாக முடியாது. பரம்பரைச் சுவிஸ்காரருக்குப் பூர்வீக ஊர் தலைமுறைகளாக இறங்கி வரும். கமென்ஸிண்ட் என்ற குடும்பப் பெயரோடு சூரிக்கில் பிறந்து வளர்ந்த ஒருவர், கெர்சாவில் ஒரு நாள்கூடத் தங்காமல், கெர்சாவைப் பூர்வீக ஊராகக் கடவுச்சீட்டில் வைத்திருக்கலாம். புதிதாகக் குடியுரிமை பெறுவோருக்கு, எந்த ஊராட்சி அவரைத் தன் குடியாக ஏற்றதோ அதுவே பூர்வீக ஊர். 1983-க்குப்பின் அங்கே போய்ச் சேர்ந்து இன்று சுமார் 50,000 பேராகப் பெருகியிருக்கும் ஈழத்தமிழர்களில் பலருக்கும் இப்படி ஒரு பூர்வீகம் வாய்த்திருக்கிறது. உங்கள் தம்பியின் பிள்ளைகளுக்கும் அந்தச் சிற்றூரே பூர்வீகம். அவர்கள் எங்கே பிறந்தாலும் சரி.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்பதற்குக் கெர்சாவ் நல்ல விளக்கம். 1390-இல் ஊரைத் தாங்களே வாங்கியவர்கள் அதன் பங்காளிகள். காடும் மலைமேய்ச்சலும் பொதுச் சொத்து. அதில் யாருக்குப் பங்கு உண்டு, யாருக்கு இல்லை என்ற கணக்கு இருந்தாக வேண்டும். பழைய குடும்பங்களின் அந்தக் கூட்டுச் சொத்து அமைப்பு, ‘கெனொஸ்ஸாமே’ என்ற பெயரில், ஊராட்சிக்கு வெளியே தனி அமைப்பாக இன்றும் கெர்சாவில் இருக்கிறது.

‘ஆண் குடிகள்’ கூடித் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்கிறீர்கள். பெண்கள்? (சேலம்)

1390-இலும் இல்லை, 1798-இலும் இல்லை, 1918-இலும் இல்லை. கூட்டாட்சித் தேர்தல்களில் சுவிஸ் பெண்கள் வாக்களிக்கலாம் என்று நாட்டு ஆண்கள் பொதுவாக்கெடுப்பில் ஒப்புக்கொண்டது 1971 பிப்ரவரியில். அந்த வாக்கெடுப்பில் ஷ்விட்ஸ் கன்டோனின் பெரும்பான்மை ‘வேண்டாம்’ என்றே சொன்னது. அடுத்த ஆண்டுதான் கன்டோன் அளவிலும் உரிமை வந்தது. பழைமையான குடியாட்சி என்று அந்த மலைநாடுகளைப் புகழும்போது இந்த ஆண்டையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

போனால் எதைப் பார்க்காமல் திரும்பக் கூடாது? (சென்னை)

மலையேறுவது, படகில் போவது எல்லாம் விளம்பரத் தாள்களிலேயே இருக்கின்றன. நான் சொல்வது, ஊரிலிருந்து புருன்னன் போகும் சாலையில் ஏரியை ஒட்டி நிற்கும் ஒரு சிறு சிற்றாலயம். ‘கிண்ட்லிமோர்ட்’ என்று பெயர். குழந்தைக் கொலை என்று பொருள். எதிர்க்கரையில் ஒரு திருமணத்துக்கு வாசிக்கப் போன ஏழை இசைக்காரன் ஒருவன், படகில் திரும்பி வந்து இந்த இடத்தில் இறங்கியபோது, பசியால் ரொட்டி கேட்டு அழுத தன் குழந்தையைப் பாறையில் அடித்துக் கொன்றுவிட்டான் என்பது கதை. அந்தப் பாவத்துக்காக எழுப்பப்பட்ட ஆலயம் என்கிறார்கள். நடந்ததா, கட்டியதா என்று கேட்பதில் பயனில்லை. அத்திமரமும் வெயிலும் உள்ள அந்தக் கரையில் முற்காலத்தில் பசி எப்படி இருந்தது என்பதற்கு ஊர் தன்னிடம் வைத்துக்கொண்டிருக்கும் சாட்சி அது. 690 பவுண்டு எங்கிருந்து சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டே அங்கே சற்று நேரம் உட்கார்ந்திருக்கலாம். திரும்பும் கப்பலின் நேரத்தை மட்டும் படகுத்துறைப் பலகையில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் கார்ப் படகு ஓடாது.